பிடி

மஸ்கான் துறைக்கு வெளியே முக்கால் மைல்.
எஞ்சினைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாயிற்று.
சங்கிலி விறைத்தது, முனகியது, அடங்கியது.
கரையில் இரண்டு குறி வைத்திருந்தான் ஹரேஷ்வர்:
ட்ராம்பேயின் புகைபோக்கி,
அதற்கு முன்னால் தீவின் மஞ்சள் கம்பம்.
ஒன்றையொன்று மறைத்தபடி
அரை மணி நேரமாக அசையவில்லை.

"லாக்லா" என்றான்.
அவன் மொழியில்
பசியெடுப்பதற்கும் வேலை கிடைப்பதற்கும்
தீப்பற்றுவதற்கும் அந்தச் சொல்தான்.
பிடித்துவிட்டது, என்று எனக்குள் மாற்றிக்கொண்டேன்.
நம் சொல்லும் லேசுப்பட்டதில்லை,
பேயும் சளியும்கூட அதில்தான் வரும்.

ஆனால் ஃபோர்ட்டில் குளிர்ந்த அறையில் இருக்கும்
காப்பீட்டுக்காரருக்குப் புகைபோக்கி போதாது.
அவர் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது:
யாராவது போய்த் தொட்டார்களா?

நான்தான் அந்த யாராவது.

ஓதம் ஓய்ந்து நிற்பது இருபது நிமிடம்.
நான்கு மீட்டரில் வெளிச்சம் கைவிட்டது.
அதன்பிறகு முகத்தில் கண் இருப்பதும்
சட்டையில் பித்தான் இருப்பதும் ஒன்று.
சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எண்ணிக்கொண்டு
தலைகீழாக ஜெபமாலை சொல்லுகிறவன் மாதிரி
இறங்கினேன்.

இந்த ஊர்க் கடலுக்கு அடி என்று ஓர் இடம் கிடையாது.
தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூழாகும்,
கூழ் களியாகும்.
களிக்குள் முழங்கை வரை போக வேண்டும்,
தண்டு தட்டுப்பட வேண்டும்,
அலகு மட்டும் கைக்குக் கிடைக்கக் கூடாது.
தேடிப் போனது கிடைக்காவிட்டால்
நல்லபடி முடிந்தது என்று எழுதும் வேலை
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கிடைத்தது.
ஒன்றல்ல, இரண்டு அலகும்.
நிழல் கண்ட நாய்போலப்
பக்கவாட்டில் படுத்திருந்தது எங்கள் நங்கூரம்.

அப்படியானால் இவ்வளவு நேரம்
படகைப் பிடித்திருந்தது எது?

வந்த வழியே ஒரு பாகம் பின்னால் போனேன்.
அவசரத்தில் தாண்டி வந்த ஒரு முடிச்சு.
வேறோர் இரும்பு.
சிப்பி ஏறி, முள் முளைத்து,
என் தொடையளவு தண்டு.
யாரோ எந்தக் காற்றிலோ அறுத்துவிட்டுப் போனது.
அதன் அலகைத் துழாவினேன்,
தோள் வரை விட்டும் எட்டவில்லை.
அத்தனை ஆழமாக, அத்தனை சரியாக,
எந்தப் படகும் இல்லாமல்
பிடித்துக்கொண்டிருந்தது.
அதன் கழுத்தில் எங்கள் சங்கிலி
ஒரு சுற்று, சும்மா.

கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.
ஆண்டாப் ஹில்லில் என் அறை
சித்தப்பா மகன் கையெழுத்தில் நிற்கிறது.
பதினோரு மாத ஒப்பந்தம் அவன் பெயரில்.
விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது,
யாரும் கேட்டதில்லை.
கட்டத்தில் ஆம் என்று போட்டாலும்
யாரும் இறங்கி வந்து பார்க்கப்போவதில்லை.
ஓதம் திரும்பினால் அந்த ஒரு சுற்று
எந்தப் பக்கம் அவிழும் என்பது
இரும்புக்கே தெரியாது.

சுற்றைக் கழற்றினேன்.
கயிற்றை மூன்று முறை இழுத்தேன்.

"புகைபோக்கி நகரவே இல்லையே, தனிசு" என்றான் ஹரேஷ்வர்,
நான் ஏதோ புகைபோக்கியைத் திட்டிவிட்ட மாதிரி.
தூக்கினோம். இருநூறு மீட்டர் தள்ளிப் போட்டோம்.
இழுத்துப் பார்த்தோம். புதிதாக இரண்டு குறி.
அடுத்த ஓய்வுக்கு ஆறு மணி நேரம்.
சப்பாத்தியும் பொம்பில் வறுவலும்,
அவன் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்,
நடுநடுவே சங்கிலியில் உள்ளங்கை.
இழுபடும் நங்கூரம்
தூரத்து லாரிபோல விரலில் அதிரும்.
அதிரவில்லை.
காலையிலும்தான் அதிரவில்லை.

மேலே இருட்டியபின் மறுபடி இறங்கினேன்.
கீழே அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.
கூழ். களி. தண்டு.
முழங்கை. தோள்.
கன்னத்தைச் சேற்றில் வைத்து
இன்னும் ஒரு சாண் துழாவினேன்.

ஏறி வந்ததும் டார்ச்சை முகத்தில் அடித்து
"லாக்லா?" என்றான்.
வெறுங்கையைக் காட்டினேன்.
நகக்கண் எல்லாம் களி.